ஏர் பிடித்த கைகள் துப்பாக்கி ஏந்தியது ஏன்?

வெள்ளிவிழாக் காணும் நம் கல்விக் கழகத்தின் மலரில் வரலாறு பற்றி ஒரு கட்டுரை தருமாறு விழாக் குழுவினர் கேட்டுக்கொண்டனர். நம் இளைஞர் பலர் இன்று இராணுவத்தில் சேர விரும்புவதால், படைவீரனைப் பற்றியே எழுதுவது பொருத்தம் எனக் கருதினேன். தளபதியைப் பற்றியன்று, சாதாரணச் சிப்பாயைப் பற்றி.

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் மாமன்னன் இராசராசனின் படைப்பிரிவுகள் பல பெயர் சுட்டிக் குறிக்கப்பட்டுள்ளன. அதே கல்வெட்டுகளில், வரி நீக்கப்பட்ட நிலங்களை வரிசைப்படுத்துமிடத்தில், ஊர் நத்தம், குளம், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரி, தீண்டாச்சேரி என்னும் சொற்களும் காணப்படுகின்றன. படையின் பெயர் உண்டு. படையில் நின்று மடிந்த எளிய மனிதனின் பெயர் இல்லை. சேரியின் பெயர் உண்டு. சேரியில் வாழ்ந்தவனின் பெயர் இல்லை. இவ்விரு பெயரற்ற மனிதர்களும் பிற்காலத்தில் ஒருவராகவே ஆனார்கள். சேரியில் பிறந்தவன் சிப்பாயானான். அவன் ஏன் சேர்ந்தான்? சேர்ந்தபின், சாவு எதிரே நிற்கையில் ஏன் ஓடாமல் நின்றான்? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வள்ளுவர் பெருந்தகை படைமாட்சி, படைச்செருக்கு என இரண்டு அதிகாரங்கள் வகுத்துள்ளார். ஒன்று படை எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதையும், மற்றொன்று வீரனின் பெருமிதத்தையும் உரைக்கிறது. பழந்தமிழகத்தில் போரில் வீழ்ந்தவனுக்கு நடுகல் நட்டனர். அவன் குடும்பத்துக்கு நிலம் வழங்கி, அதனை உதிரப்பட்டி என அழைத்தனர். உதிரம் சிந்தியதற்கு ஈடாக நிலம்! இச்சொல்லை இளைஞர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். நிலமற்றவன் ஏன் படைக்குச் சென்றான் என்பதற்கான விடையின் ஒரு பாதி இச்சொல்லிலேயே அடங்கியுள்ளது.

நெல் விளைந்த நாடும் நெல்லுக்கு ஏங்கிய மக்களும்

காவிரி பாயும் நம் நாட்டைத் தென்னாட்டின் நெற்களஞ்சியம் என்கிறோம். அக்களஞ்சியத்தை நிரப்பியவர்கள் நம் முன்னோர். ஆயினும் மிராசுதார்களும் கோயில்களும் மடங்களும் நிலத்தை உடைமையாகக் கொண்டிருக்க, உழுதவனுக்குக் குடியிருந்த மனையும் சொந்தமன்று. பறையர், பள்ளர் குடும்பங்கள் பல தலைமுறைகளாக அடிமைகளாகவே நடத்தப்பட்டன. 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமை நிலையைச் சட்டம் ஏற்காது என அறிவித்தது. 1860-இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டம் அடிமை வாணிகத்தைக் குற்றமாக்கியது. சட்டம் மாறிற்று, களத்துமேடு மாறவில்லை. அடிமை என்ற பெயர் நீங்கிப் பண்ணையாள் என்ற பெயர் வந்தது. திருமணத்துக்கு வாங்கிய கடன் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது. கூலி நெல்லாக அளக்கப்பட்டது. அளக்கும் மரக்கால் மிராசுதாரின் கையில் இருந்தது. சாட்டையடியும் சாணிப்பாலும் நம் பாட்டன்மார் கேட்டறிந்த கதைகளல்ல, பட்டறிந்த தண்டனைகள்.

இந்நிலையிலிருந்து வெளியேற வழிகள் மிகச் சிலவே. ஒன்று, நாகப்பட்டினம் துறைமுகத்தில் கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்று தோட்டக் கூலியாவது. மற்றொன்று, பட்டாளத்தில் சேர்வது. இரண்டுக்கும் பொதுவான ஒரு தன்மை உண்டு. இரண்டிலும் கூலி காசாகக் கிடைத்தது; மிராசுதாரின் மரக்காலால் அளக்கப்படவில்லை.

சென்னைப் படையில் நம்மவர்

கிழக்கிந்தியக் கும்பினியார் 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் சென்னையில் சிப்பாய்களைத் திரட்டத் தொடங்கினர். அப்படையில் பறையர் கணிசமாக இடம் பெற்றனர். கும்பினியின் படைகளில் ஒடுக்கப்பட்ட மக்கள் பெரும்பங்கு வகித்தமையை அண்ணல் அம்பேத்கரும் தம் எழுத்தில் எடுத்துக்காட்டியுள்ளார். வங்காளத்தில் துசாதர், பம்பாயில் மகர், சென்னையில் பறையர் என அவர் வரிசைப்படுத்துகிறார்.

1780-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் சென்னைப் பயனியர் படை இரண்டு கம்பெனிகளாகத் தோற்றுவிக்கப்பட்டது. பாதை வெட்டுதல், பாலம் அமைத்தல், கோட்டை முற்றுகையின்போது பதுங்குகுழி தோண்டுதல் ஆகியன அதன் பணிகள். இதுவே பின்னர்ச் சென்னைச் சாப்பர் படையாக வளர்ந்து, இன்று பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் பொறியாளர் படைப்பிரிவாக விளங்குகிறது. மண்வெட்டியும் கடப்பாரையும் ஏந்தும் வேலையை உயர்சாதியார் விரும்பவில்லை. வாய்க்கால் வெட்டியும் வரப்பு அணைத்தும் பழகிய கைகளுக்கு அது புதிதன்று. ஊரில் இழிவெனப்பட்ட அவ்வேலைக்குப் படையில் சீருடையும் பதக்கமும் கிடைத்தன.

கடல் கடந்தால் சாதி கெடும் என்ற அச்சம் வங்காளப் படையில் பலருக்கு இருந்தது. சென்னைப் படையினரோ 1801-இல் எகிப்துக்கும், 1811-இல் சாவகத்துக்கும், 1824-இல் பர்மாவுக்கும், 1840-இல் சீனாவுக்கும் கப்பலேறினர். இழப்பதற்குச் சாதிப் பெருமை இல்லாதவனுக்குக் கடல் ஒரு தடையாக இல்லை எனலாம்.

சென்னைச் சிப்பாய் பெற்றதென்ன? 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் காலாட்படைச் சிப்பாயின் மாதச் சம்பளம் 7 ரூபாய். 1895-இல் அது 9 ரூபாயாகவும், 1911-இல் 11 ரூபாயாகவும் உயர்ந்தது. இத்தொகை பெரிதன்று, உணவுச் செலவும் பெரும்பாலும் அதிலேயே அடங்கியது. ஆயினும் மழை பொய்த்தாலும் ஆறு பெருகினாலும் திங்கள்தோறும் அது வந்தது. முதுமையில் ஓய்வூதியமும் உண்டு. சென்னைப் படையில் வேறொரு சிறப்பும் இருந்தது. சிப்பாயின் மனைவி மக்கள் படை லைன்களிலேயே அவனோடு வாழ்ந்தனர். படை இடம் மாறியபோது அவர்களும் உடன் சென்றனர். சிப்பாய்களின் பிள்ளைகளும், இறந்த சிப்பாயின் மகனும் சிறுவராக இருக்கும்போதே குறைந்த சம்பளத்தில் படைப் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். ஆகவே ஒருவன் படையில் சேர்ந்தான் என்றால் ஒரு குடும்பமே சேரியை விட்டு வெளியேறிற்று என்று பொருள்.

பசி மட்டுமா காரணம்?

வறுமையினால் சேர்ந்தார்கள் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோர் உளர். அவ்விடை முழு உண்மையன்று. பசியுள்ளவன் படையில் சேருவான் என்பது சரியே. ஆனால் பசி தீர்ந்த பிறகு குண்டுமழைக்கு நடுவே அவனை நிறுத்துவது எது? 7 ரூபாய்க்காகச் சாவதற்கு எவனும் ஒப்பமாட்டான். செத்தவனுக்குச் சம்பளம் எதற்கு?

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அறிஞர்கள் இவ்வினாவை ஆராய்ந்தனர். அமெரிக்க வீரர்களிடம் மிகப் பெரிய அளவில் கருத்துக் கேட்டுச் சாமுவேல் ஸ்டௌபர் என்பாரும் அவர் குழுவினரும் 1949-இல் நூல் வெளியிட்டனர். அதற்கு முந்திய ஆண்டு ஷில்ஸ், ஜானோவிட்ஸ் என்னும் இருவர் செர்மானியப் படையைப் பற்றி எழுதினர். தோல்வி உறுதியான பின்னும் அவ்வீரர் பலர் ஏன் போரிட்டனர் என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட வினா. பெரிய கொள்கைகளைவிட, உடன் உண்டு உடன் உறங்கிய தோழர்களின் சிறு குழுவே வீரனைக் களத்தில் நிறுத்துகிறது என்பது இவ்வாய்வுகளின் முதன்மையான முடிவு. பக்கத்தில் நிற்பவனை விட்டு ஓடினால் நாளை அவன் முகத்தில் எவ்வாறு விழிப்பது என்ற எண்ணமே கால்களைக் கட்டிப்போடுகிறது. பிற்கால ஆய்வாளர் சிலர், நாள்தோறும் செய்யும் அணிவகுப்புப் பயிற்சியும், படைப்பிரிவின் கொடியும் மரபுகளும், அதிகாரி மீதுள்ள நம்பிக்கையும் சேர்ந்தே இவ்வுணர்வை உண்டாக்குகின்றன என்பர்.

இதற்கு நம் மாநிலத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தின் கீழ் ஒட்டிவாக்கத்தைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன் சென்னைச் சாப்பர் படையில் பணியாற்றியவர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிஞ்ஞானோ என்னும் ஊரருகே கண்ணிவெடி அகற்றும் பணியில் இருந்தார். உடன் வந்த வீரர் ஒருவரின் கால் ஒரு கண்ணிவெடி மீது பட்டது. அது வெடிக்கச் சில நொடிகளே உள்ளன என்பதை அறிந்த அவர், தம் உடலால் அதனை மூடி, உடனிருந்தோரைக் காத்துத் தாம் மடிந்தார். நேரடியாக ஜார்ஜ் சிலுவைப் பதக்கம் அளிக்கப்பட்ட முதல் இந்தியர் அவரே. அந்தச் சில நொடிகளில் அவர் பேரரசை நினைத்திருப்பாரா? சம்பளத்தை நினைத்திருப்பாரா? உடனிருந்தவர்களை நினைத்தார் என்பதற்கு அவர் செயலே சான்று.

தோழமை அனைவருக்கும் பொதுவான காரணம். ஒடுக்கப்பட்டவனுக்கு வேறொரு காரணமும் இருந்தது. அதுதான் மதிப்பு. மேல்சட்டை அணியவும், செருப்பணிந்து தெருவில் நடக்கவும் தடையிருந்த நாட்டில், அரசாங்கமே அவனுக்குச் சட்டையும் பூட்சும் கொடுத்து நிமிர்ந்து நட என்று கட்டளையிட்டது. ஊரில் குனிந்து நடக்கக் கற்பிக்கப்பட்டவனுக்கு, நிமிர்ந்து நடப்பதே பயிற்சியின் முதற்பாடமாயிற்று. இதை எளிதாக எண்ணிவிடலாகாது.

மதிப்புக்கு ஊறு வந்தபோது

மதிப்பின் ஆற்றலை ஆட்சியாளர் உணராமற்போன இடத்தில் விளைவு கடுமையாயிற்று. 1805 நவம்பரிலும் அடுத்த ஆண்டிலும் சென்னைப் படைத்தலைமை, புதுவகைத் தலைப்பாகை அணிய வேண்டும், தாடியும் சமயக் குறிகளும் காதணிகளும் கூடா எனக் கட்டளைகள் பிறப்பித்தது. 1806 சூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். ஆர்க்காட்டிலிருந்து விரைந்து வந்த கில்லெஸ்பியின் படை அன்றே அதனைக் கொடூரமாக அடக்கியது. எனினும் அக்கட்டளைகள் திரும்பப் பெறப்பட்டன. ஆளுநர் பெண்டிங்கும் படைத்தலைவர் கிரடாக்கும் திரும்ப அழைக்கப்பட்டனர். சம்பளம் வாங்குபவன் எதையும் பொறுப்பான் என்ற கணக்கு பொய்த்தது. படையில் நிலைத்திருப்பது ஓர் உடன்பாடு. அதன் ஒரு பக்கத்தை ஆள்வோர் மீறினால் மறுபக்கமும் முறியும்.

கதவு அடைபட்ட கதை

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர் ஒரு புதுக் கோட்பாட்டைக் கைக்கொண்டனர். சில இனத்தாரே போர்க்குணம் உடையவர், மற்றவர் அல்லர் என்பது அக்கோட்பாடு. 1881 முதல் 1885 வரை சென்னைப் படைத்தலைவராகவும் பின்னர் 1893 வரை இந்தியப் படைத்தலைவராகவும் இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டார் போருக்கு உகந்தவரல்லர் என்ற கருத்தில் உறுதியாக நின்றார். சென்னைக் காலாட்படைப் பட்டாளங்கள் பல கலைக்கப்பட்டன. வேறு சில பஞ்சாபியரைக் கொண்டு நிரப்பப்பட்டன.

பம்பாயிலும் இதே நிலை. 1818 சனவரி 1 அன்று பீமா கோரேகாவ் போரில் உயிர்நீத்தோரின் நினைவுத்தூணில் மகர் வீரர்களின் பெயர்கள் பல பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களின் பேரன்மாருக்கு 1890-களின் தொடக்கத்தில் படையின் கதவு மூடப்பட்டது. ஓய்வுபெற்ற படைவீரரான கோபால் பாபா வலங்கர் 1894-இல் அரசுக்கு ஒரு விண்ணப்பம் வரைந்தார். மகர்களை மீண்டும் படையில் சேர்க்குமாறு அதில் வேண்டினார்.

சாவதற்கு உரிமை கேட்டு ஒருவன் ஏன் மனுப்போட வேண்டும்? அவ்வேலை சோற்றுக்கு மட்டுமானதன்று என்பதே காரணம். அண்ணல் அம்பேத்கரின் தந்தை இராம்ஜி சக்பால் படையில் சுபேதாராக இருந்தவர். படைப் பள்ளியின் தலைமையாசிரியராகவும் பணியாற்றியவர். கும்பினியின் படையில் சிப்பாய்களுக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் கல்வி அளிக்கப்பட்டது. ஊர்ப்பள்ளியின் திண்ணையில் இடம் கிடைக்காத காலத்தில் படைப் பள்ளியில் பலகை கிடைத்தது. 1891 ஏப்ரல் 14 அன்று அண்ணல் பிறந்ததும் மோவ் என்னும் படைநகரத்திலேயே. படையின் கதவு மூடப்பட்டபோது ஒரு பள்ளியின் கதவும் சேர்ந்தே மூடப்பட்டது.

வேண்டியபோது அழைப்பு, வேண்டாதபோது விடை

முதல் உலகப் போர் வந்தது. ஆள் போதவில்லை. போர்க்குணம் அற்றவர் என விலக்கப்பட்டவர்களே மீண்டும் அழைக்கப்பட்டனர். 1917-இல் சேர்பவர்க்கு 50 ரூபாய் ஊக்கத்தொகையும் இலவச உணவும் அறிவிக்கப்பட்டன. அவ்வாண்டிலேயே மகர்களுக்கெனத் தனிப் பட்டாளம் ஒன்றும் அமைக்கப்பட்டது. சென்னைச் சாப்பர்களும் பயனியர்களும் மெசபடோமியா உள்ளிட்ட களங்களில் பணியாற்றினர். அப்போரில் இந்தியரில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்து சென்றனர். 74,000-க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் சிலவற்றில், அவ்வூரிலிருந்து போருக்குச் சென்றோர் இத்தனை பேர், மாண்டோர் இத்தனை பேர் எனக் குறிக்கும் சிறு கற்பலகைகளை இன்றும் காணலாம். எண்ணிக்கை இருக்கிறது, பெயர் இல்லை.

போர் முடிந்ததும் மகர் பட்டாளம் 1921-இல் கலைக்கப்பட்டது. 1920-களில் சென்னைக் காலாட்படையும், 1933-இல் சென்னைப் பயனியர் படையும் கலைக்கப்பட்டன. சாப்பர் படை மட்டும் நீடித்தது.

இரண்டாம் உலகப் போர் மீண்டும் கதவைத் திறந்தது. 1941-இல் மகர் படைப்பிரிவு உருவாயிற்று. அதற்காக அண்ணல் அம்பேத்கர் பெரிதும் வாதாடினார். சென்னைப் படைப்பிரிவும் அக்காலத்திலேயே உயிர்பெற்றது. இந்தியப் படை 25 இலட்சம் பேரைக் கொண்டதாக வளர்ந்தது. கட்டாயச் சேர்க்கை இன்றித் திரண்ட படைகளுள் உலகில் மிகப் பெரியது இதுவே. விலைவாசி ஏறி, அரிசிக்குத் தட்டுப்பாடு வந்து, வங்கத்தில் 1943-இல் பஞ்சம் தலைவிரித்தாடிய காலம் அது. படையில் சேர்ந்த இளைஞர் சில மாதங்களிலேயே உடல் எடை கூடினர் என்று வரலாற்றாசிரியர் குறிப்பிடுகின்றனர். வயிறார உண்டதன் விளைவு அது. கட்டாயம் இல்லை என்று அரசாங்கம் சொன்னது உண்மையே. ஆனால் பசியும் ஒரு கட்டாயந்தான் என்பதை நாம் மறத்தலாகாது.

மலேயாத் தோட்டத்திலிருந்து இம்பால் வரை

நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்களின் கதையும் இங்கே வந்து சேர்கிறது. மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழருள் நம் மாவட்டத்தவரும் நம் மக்களும் மிகுதியாக இருந்தனர். 1941-இல் சிலாங்கூரின் கிள்ளான் பகுதியில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும் என்பனவற்றோடு, துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் அவர்களின் கோரிக்கை. இந்தக் கடைசிக் கோரிக்கையில் ஒரு காசும் இல்லை. மானம் மட்டுமே இருந்தது. அவ்வேலைநிறுத்தத்தை ஒடுக்க ஆங்கிலேயர் அனுப்பியது இந்தியச் சிப்பாய்களையே. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர்.

1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் சப்பானியரிடம் வீழ்ந்தது. 1943 சூலையில் நேதாசி சுபாசு சந்திர போசு அங்கு வந்து இந்திய தேசிய இராணுவத்துக்குப் புத்துயிர் அளித்தார். தோட்டத் தமிழர் ஆயிரக்கணக்கில் சேர்ந்தனர். ஜான்சிராணி படையில் சேர்ந்த பெண்களுள் பலர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்களே. இவர்கள் ஏன் சேர்ந்தனர்? அவ்வேளையில் சப்பானியர் சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் இரயில்பாதைக்குத் தமிழரைப் பல்லாயிரக் கணக்கில் கொண்டுசென்றனர். காலராவிலும் பட்டினியிலும் அவர்கள் மாண்டனர். அந்த மரணப் பாதைக்குச் செல்லாமல் தப்பச் சிலர் படையில் சேர்ந்தனர். தோட்டத்தில் வேலையும் அரிசியும் அற்றுப்போனதால் சிலர் சேர்ந்தனர். இதுவரை கண்டிராத தாய்நாட்டின் விடுதலைக்காகவே சேர்ந்தோரும் உண்டு. ஒரே மனிதனிடம் இம்மூன்றும் கலந்திருந்தமையும் இயல்பே. ஆங்கிலேயரின் படையில் சாதி, சமயவாரியாகக் கம்பெனிகளும் சமையலும் இருந்தன. நேதாசியின் படையிலோ ஒரே அடுப்பு, ஒரே பந்தி. கூலி என்று அழைக்கப்பட்டவன் அங்கே தோழனாக அமர்ந்து உண்டான்.

1944-இல் இம்பால் நோக்கிச் சென்ற அப்படையின் முதல் டிவிசன் வீரர் ஏறத்தாழ 6,000 பேரில் பாதிக்கும் குறைவானவர்களே திரும்பினர். குண்டுக்கு இறந்தோரைவிடப் பசிக்கும் நோய்க்கும் இறந்தோரே மிகுதி. விடுதலைக்குப் பின் அவ்வீரர்கள் இந்தியப் படையில் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்படவில்லை.

யாருக்காகப் போரிட்டார்கள்?

இவ்விடத்தில் ஒரு கடினமான வினாவை நாம் தவிர்த்தல் ஆகாது. அந்நியன் ஆட்சிக்காகத் துப்பாக்கி ஏந்தியதை நாம் பெருமையாகக் கொள்ளலாமா? கிள்ளானில் ஏழைத் தொழிலாளியைச் சுட்டவனும் நம்மைப் போன்ற ஓர் ஏழை உழவனின் மகனே அன்றோ? மறுபுறம், 1930 ஏப்ரல் 23 அன்று பெஷாவரில் ஆயுதமற்ற மக்களைச் சுட மறுத்த சந்திரசிங் கர்வாலியும் அவர் தோழர்களும் சிப்பாய்களே. மறுத்ததற்காகச் சிறை சென்றனர்.

என் கருத்து இதுவே. சேர்ந்தவனைப் பழிப்பதில் நியாயம் இல்லை. அவன் முன் இருந்த வழிகளை எண்ணிப் பார்த்தே அவனை மதிப்பிட வேண்டும். தாய்நாடு என்று சொல்லப்பட்ட நிலத்தில் அவனுக்கு ஒரு குழி நிலமும் இல்லை. பொதுக் கிணற்றில் ஒரு குடம் நீரும் இல்லை. ஆனால் அவனைச் சேர்த்தவர்களைப் புகழ்வதற்கும் இடமில்லை. தேவை முடிந்ததும் கைவிட்டவர்கள் அவர்கள். வீரத்தை நாம் கொண்டாடலாம். அதனை விலைபேசியவர்களைக் கொண்டாடுதல் வேண்டா.

அமெரிக்காவின் கறுப்பின மக்கள் இதற்கு ஒரு வழி காட்டினர். 1863-இல் அமைக்கப்பட்ட மாசாசூசெட்சு 54-ஆம் படைப்பிரிவில் கறுப்பின வீரர் சேர்ந்தனர். வெள்ளை வீரனுக்குத் திங்களுக்கு 13 டாலர்; இவர்களுக்கு 10 டாலர், அதிலும் 3 டாலர் உடைக்கெனப் பிடித்தம். குறைந்த சம்பளத்தைக் கையால் தொடமாட்டோம் என்று அவர்கள் மறுத்தனர். மாநில அரசு வேறுபாட்டை ஈடுசெய்ய முன்வந்தபோதும் ஏற்கவில்லை. சம்பளம் வாங்காமலேயே போரிட்டனர். 1864 சூனில் அமெரிக்கப் பேராயம் சம ஊதியத்துக்குச் சட்டம் இயற்றிற்று. வறுமையினால் மட்டுமே சேர்ந்தவன் சம்பளத்தை மறுப்பானா? அவர்கள் கேட்டது காசன்று, சரிசமம்.

ஊர் திரும்பிய வீரன்

படையிலிருந்து ஊர் திரும்பியவன் பழைய மனிதனாகத் திரும்பவில்லை. இராமநாதபுரம் மாவட்டத்தின் இம்மானுவேல் சேகரன் 1945-இல் படையில் சேர்ந்து பணியாற்றித் திரும்பினார். ஒடுக்கப்பட்ட மக்களைத் திரட்டி உரிமைக்குப் பாடுபட்டார். 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் கொல்லப்பட்டபோது அவருக்கு வயது 32. போர்க்களம் சென்றவனை ஊர்த்தெரு பலிகொண்டது.

நம் மாவட்டத்திலும் 1940-களில் பண்ணையாட்கள் செங்கொடியின் கீழ்த் திரண்டனர். 1952-இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூடுதல் கூலி நெல் கேட்டதும், தம் சங்கத்தை விட மறுத்ததுமே அவர்தம் உழவர் சமூகம் செய்த குற்றம். அவ்வுழவர்களுக்குச் சீருடை இல்லை, சம்பளம் இல்லை, பதக்கம் இல்லை. ஆயினும் அவர்களைப் பின்வாங்காது நிறுத்தியவை மேலே கண்ட அதே இரண்டு காரணங்கள்தாம். பக்கத்தில் நிற்பவனை விட்டுப் போகலாகாது என்ற தோழமை ஒன்று; இனிக் குனிவதில்லை என்ற மானம் மற்றொன்று. வீரம் என்பது பட்டாளத்தின் தனியுடைமையன்று என்பதை நம் மண்ணே உலகுக்குக் காட்டியது.

இளைஞர்களுக்கு ஒரு சொல்

ஆள்சேர்ப்பு முகாம் அறிவிக்கப்படும்போதெல்லாம் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டு மாணவர் பலர் என்னிடம் வருவர். ஏன் சேர விரும்புகிறாய் என்று கேட்பது என் வழக்கம். நாட்டுக்காக என்று முதலில் கூறுவர். சற்றுப் பேசினால், தங்கையின் திருமணம், வீட்டுக் கடன், ஊரில் ஒரு மரியாதை என்று ஒவ்வொன்றாக வரும். இவற்றுள் எதுவும் வெட்கப்பட வேண்டிய காரணமன்று. நாட்டுப்பற்றும் வீட்டுப்பற்றும் ஒன்றையொன்று கெடுப்பன அல்ல.

ஆயினும் சேர்பவன் உடன்பாட்டை அறிந்து சேர வேண்டும். 2022 சூனில் அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதன்படி சேரும் சிப்பாய்க்குப் பணிக்காலம் நான்கு ஆண்டுகள். நால்வரில் ஒருவர் வரையே தொடர்ந்து பணியில் வைத்துக்கொள்ளப்படுவர். ஏனையோர் ஏறத்தாழ 11.71 இலட்சம் ரூபாய் பெற்று வெளியேறுவர் என்றும், அவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை என்றும் அப்போது கூறப்பட்டது. நம் முன்னோர் சேர்ந்த காலத்து உடன்பாடு வேறு, இது வேறு. ஆகையால் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டுச் செல்லுங்கள். அந்நான்கு ஆண்டுகளிலும் ஒரு பட்டமோ தொழிற்பயிற்சியோ பெற முயலுங்கள். கல்வி இருந்தால் சிப்பாயாகவும் சேரலாம், அதிகாரியாகவும் சேரலாம். பசி உங்களைத் தேர்ந்தெடுக்கலாகாது. நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்நிலையை உண்டாக்கவே இக்கழகம் 25 ஆண்டுகளாக இரவுப் பாடசாலைக்கும் புத்தகத்துக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் பொருள் திரட்டி வருகிறது.

இறுதியாக ஒரு வேண்டுகோள். நம் சேரிகளில் பட்டாளத்தார் வீடு என்று அழைக்கப்படும் வீடுகள் உண்டு. அவ்வீட்டுப் பெட்டிகளின் அடியில் மங்கிய பதக்கங்களும் விடுவிப்புச் சான்றிதழ்களும் மணியார்டர்ச் சீட்டுகளும் கிடக்கின்றன. கறையான் அரிப்பதற்கு முன் அவற்றை எடுத்து வாருங்கள். பெயர், ஊர், படைப்பிரிவு, சேர்ந்த ஆண்டு, திரும்பிய ஆண்டு ஆகிய ஐந்தையும் கேட்டு எழுதுங்கள். மலேயாவுக்குச் சென்று திரும்பாதவர்களின் பெயர்களையும் சேர்த்தே எழுதுங்கள். அவற்றைத் தொகுத்து நம் கழக நூலகத்தில் ஒரு பேரேடாக வைப்போம். பெரிய கோயில் கல்வெட்டிலும் போர் நினைவுப் பலகையிலும் இடம்பெறாத பெயர்களுக்கு நாம் எழுதும் அந்த ஏடே நடுகல் ஆகட்டும்.

வாழ்க நம் கழகம்! வளர்க கல்வி!